பெரியம்மாவின் விதைநெல்

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்திரைக் கடைசியில் பெரியம்மா காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, மூட்டம் போட்டீர்களா என்று கேட்டீர்கள். அன்று விவரமாகப் பதில் சொல்ல இயலவில்லை.

போடவில்லை. சிதையில் வரட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே களிமண் குழைத்துப் பூசுவதற்கு இப்போது ஊரில் மாடும் இல்லை, நீள வைக்கோலும் இல்லை. அறுவடை இயந்திரத்தில் தாள் துண்டு துண்டாகிவிடுகிறது. அமரர் ஊர்தியில் எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோனோம்; அன்று மாலையே அஸ்தியைக் கையில் கொடுத்துவிட்டதால், மறுநாள் பால் தெளிக்கச் சென்றவர்கள் எங்கே தெளிப்பது என்று தெரியாமல் நின்றோம். மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடினால் ஜூன் 12 வரை காவிரி மணல்தானே, அஸ்தியைப் பூம்புகார்க் கடலில் கரைத்தோம்.

எல்லா மாற்றத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். குளிர்பெட்டி இருந்ததால்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா தாயின் முகத்தைப் பார்த்தார்; முன்பு தெருமுனையோடு நிறுத்தப்பட்டிருக்கக்கூடிய பேத்திகள் தகன மேடை வரை வந்தார்கள். பறையடிக்கவும் சாவுச் சேதி சொல்லவும் ஒரு தெருவாரைக் கட்டாயப்படுத்திய வழக்கத்தை அவர்களுடைய பிள்ளைகள் மறுத்து ஒழித்தது முழுக்க நியாயம்.

ஒப்பாரி மறைவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியைச் சுற்றி எல்லாரும் மௌனமாக அமர்ந்திருந்தபோது, கீழத்தெருவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, பனி படர்ந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் பாடத் தொடங்கினார். 1977 நவம்பர்ப் புயலில் கூரை பறந்து, கைக்குழந்தையோடு நின்ற தன்னைப் பெரியம்மா வீட்டுக்குள் அழைத்து, அடுத்த குறுவைக்கு எடுத்துவைத்திருந்த விதைநெல்லையே குத்திக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை, அடிக்கு அடி பெயர் சொல்லி அழைத்து அழுதார். வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே இருந்தன. "அம்மா எங்களிடம் சொன்னதே இல்லையே" என்று அக்கா அந்த மூதாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருக்குச் சேர்ந்து பாட வரவில்லை; எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

உங்கள் தாயார் ஒப்பாரி வைத்தால் தெருவே நின்று கேட்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பாடியவற்றில் உங்களுக்கு நினைவிலிருக்கும் அடிகளை எழுதி அனுப்புங்கள். அந்த மூதாட்டியிடம் நானும் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு நண்பன்