பர்வதம் ஆச்சி

அன்புள்ள மெர்சி,

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி, மாடிப்படி இறங்குவதில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்னும் ராத்திரி ஷிப்ட்தான். நம்ம சுதா மறுபடியும் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள், அதுவும் ஆல்ட்டோவில். நீ கிளம்பி வந்து கேட்க வேண்டும்!

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். "ஹாஸ்டலில் எங்களையே உட்கார வைத்தவளாச்சே" என்று வேறு எழுதியிருந்தாய். ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் அதற்குப் பதில் எழுத முடியவில்லை.

பெரியவனுக்கு ஞாயிறு பள்ளியில் பைபிளின் 121ஆம் சங்கீதம் மனப்பாடம். எட்டே வசனம்தான். தினமும் ஏழரைக்கு டிவியை நிறுத்திவிட்டுப் பாய் விரிப்பேன். பாட்டு, வேதவாசிப்பு, வசனம் ஒப்புவித்தல், பிறகு ஜெபம். சின்னவள் பாட்டு முடிவதற்குள் என் மடியில் தூங்கிவிடுவாள். இவனோ பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருப்பான். அன்று நான் வேலை முடிந்து வரவே ஏழு தாண்டிவிட்டது. சமையலும் ஆகவில்லை. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, "கீழ்வீட்டுப் பர்வதம் ஆச்சிதானேம்மா?" என்றான். சின்னவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். வேதவசனத்தை வைத்து விளையாடுகிறான் என்று எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தொடையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன்.

அவன் அழவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னேன். மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூடினா அடி எங்கேருந்து வரும்னு தெரியாதும்மா" என்றான்.

மெர்சி, அந்தப் பிள்ளை விளையாடவே இல்லை. ஒத்தாசை என்றால் உதவி என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். பள்ளி வேன் வரும்போது வாசலில் நிற்பது ஆச்சி. பையை வாங்கி, முகம் கழுவிவிட்டு, முறுக்கு கொடுத்து, நான் வரும்வரை வைத்திருப்பதும் ஆச்சிதான். போன ஐப்பசி மழையில் காய்ச்சலோடு இவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் அவளே. அவனுக்குத் தெரிந்த பர்வதம் அவள் ஒருத்திதானே.

அத்தை, "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று எழுதியிருக்கே" என்றார்கள். எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அன்று என் கையை ஓங்க வைத்தது அன்பு இல்லை, பகல் முழுதும் சேர்ந்திருந்த அலுப்பு. கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை இவனுக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டியிருப்பேன்! அடுத்த வசனம், பிள்ளைகள் "மனந்தளர்ந்துபோகாதபடி" அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது. பிதாக்களுக்குச் சொன்னதுதான், ஆனாலும் அன்று ராத்திரி அது எனக்கே எழுதியதுபோல இருந்தது. ஜெபம் என்றாலே அம்மா கோபப்படும் நேரம் என்று அவன் மனசில் பதிந்துபோனால் நான் என்ன செய்வேன்?

காலையில் ஷூ மாட்டிவிடும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆச்சி பரலோகத்துக்கு வருவாங்களா? அவங்க வேற சாமி கும்பிடுறாங்களே" என்றான். நான் ஞாயிறு பள்ளியில் மூன்று வருஷம் வகுப்பு எடுத்தவள், என் வாய் அடைத்துப்போனது. "ஆச்சியை உண்டாக்கினவர் ஆண்டவர். மழையில உன்னைத் தூக்கிட்டு ஓடினதை அவரும் பார்த்தாரு. நாம ஆச்சிக்காக ஜெபிப்போம், மத்ததை அவர் பார்த்துக்குவாரு" என்றேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உண்மையாகவே கேட்கிறேன், எழுது.

அப்புறம் உபாகமம் 6:7ஐ எடுத்துப் படித்தேன். கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்றுதான் இருக்கிறது. நான் உட்கார்வதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். மீதியை ஞாயிறு பள்ளி டீச்சரிடம் விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான். நம்மைப் போன்ற வீடுகளின் பொறுப்பை இறக்கிவைக்க இல்லை.

இப்போது பாயில் ஐந்து நிமிஷம் மட்டும்தான். வேனுக்கு நடக்கும்போது ஒரு வசனம் சொல்கிறோம். உலை வைக்கும்போது ஆலயத்துக்கான கைப்பிடி அரிசியைச் சின்னவள் எடுக்கிறாள். அவள் கைக்கு இருபது முப்பது அரிசிதான் வரும், ஆனாலும் டப்பாவில் போட்டுவிட்டு "இயேசப்பாவுக்கு" என்று மூடியைத் தானே அழுத்துவாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் பெரியவன் பேச ஆரம்பிக்கிறான். அந்தச் சங்கீதத்தில் வரும் உறங்காதவர் எப்போதுதான் ஓய்வெடுப்பார் என்று நேற்றுக் கேட்டான். கண்ணை மூடச் சொல்வதை விட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை அவனாகவே மூடினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு ஜெபமே வரவில்லை.

குடும்ப ஜெபத்துக்கென்று புத்தகம் எதுவும் வாங்காதே. மே மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்து அசன விருந்துக்கு வா, ஆச்சியையும் பார்க்கலாம். இவன் உன்னிடம் எட்டு வசனமும் ஒப்புவிக்க வேண்டுமாம். மூன்றாம் வசனத்தில் கொஞ்சம் திணறுவான். எடுத்துக் கொடுக்காதே, அவனே பிடித்துவிடுவான்.

அன்புடன்,
ஜெனி