இன்டர்வியூவுக்கு வந்த பெண்ணும் புகார் கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலையில் சேர்ந்த பிறகு ஆபீஸில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றி பேப்பரில் அவ்வப்போது செய்தி வருகிறது, அதை விசாரிக்கிற விசாகா கமிட்டி என்ற பேரையாவது பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் வேலையே இன்னும் கிடைக்காமல் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் காத்திருக்கிற பெண்களிடம் வாலாட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

என் அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டு கோவையில் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்காக இன்டர்வியூ போனாள். டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டிய மனிதர், பாய்ஃபிரெண்ட் உண்டா, ஹாஸ்டலில் தனி ரூமா என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? பயோடேட்டாவில் இருந்த நம்பருக்கு ராத்திரி வாட்ஸ்அப்பில் மெசேஜ்: 'லிஸ்ட்ல உன் பேர் கடைசில இருக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா மேல கொண்டு வந்துடலாம்.' மலையாள சினிமா பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024-ல் வெளியே வந்தபோது, வாய்ப்பு தேடி வருகிற பெண்களிடம் இதே அட்ஜஸ்ட்மென்ட்டைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு 'சினிமான்னா அப்படித்தான்' என்று நம்மூரில் சொன்னவர்கள் நிறைய. இது சினிமா இல்லை ஐயா, பில் போடுகிற வேலை.

அவள் இதைத் தன் அம்மாவிடம் சொல்லவில்லை, சித்தியான என்னிடம்தான் சொன்னாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டிலேயே இரு' என்பார்கள், அடுத்த மாதமே ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். அந்த ஆளைவிட அவளுக்கு வீட்டை நினைத்துத்தான் பயம் அதிகம். அந்த ஆள் பாட்டுக்கு அடுத்த இன்டர்வியூவை நடத்திக்கொண்டிருப்பான், படித்த பெண் மட்டும் வீட்டுக்குள் உட்கார வேண்டும், இதற்குப் பேர் பாதுகாப்பாம். பெற்றவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு முக்காவாசிக் காரணம் நாம்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டத்தில், பாதிக்கப்பட்ட பெண் யார் என்று சொல்கிற இடத்திலேயே, அவள் அங்கே வேலையில் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று இருக்கிறது. இது அந்தக் கம்பெனிக்கே தெரியவில்லை. கமிட்டிக்கு யார் தலைவர் என்று போன் பண்ணிக் கேட்டதற்கு 'நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே மேடம்' என்றார்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும், மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில், பாதிப் பேராவது பெண்களாக, வெளியாள் ஒருவரும் சேர்ந்து. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழு விவரத்தை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டவும் வேண்டும். ஆனால் ஒட்டுகிற இடத்திலும் அதை உள்ளே, ஊழியர்கள் கைரேகை வைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். இன்டர்வியூவுக்கு வருகிற பெண்ணை ரிசப்ஷனைத் தாண்டி விட்டால்தானே அவள் அதைப் பார்ப்பாள்? இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற மெயிலிலேயே குழுத் தலைவரின் பெயரையும் நம்பரையும் போட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் என்ன? ஒரு பைசா செலவில்லை.

இன்னொரு சிக்கல், புகார் கொடுக்க மூன்று மாதம்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம், அவ்வளவுதான். வேலை தேடுகிறவளோ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பாள், இப்போது புகார் கொடுத்தால் வேலை போய்விடுமே என்று. 'மேலிடத்தில் பேசிக்கிட்டிருக்கேன்' என்று அந்த ஆள் இழுத்தடித்தாலே கெடு தாண்டிவிடும். அதனால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அருவருப்பில் மெசேஜை அழித்துவிடவும் வேண்டாம். தானாக மறைகிற மெசேஜ் என்றால் இன்னொரு போனில் போட்டோ எடுத்து, தேதி நேரத்தோடு வையுங்கள்.

ஆள் குறைவான கடை, கிளினிக் என்றாலோ, முதலாளியே தொல்லை தருகிற ஆசாமி என்றாலோ, மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். போலீசுக்கும் போகலாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 75-வது பிரிவில், ஆசைக்கு இணங்கச் சொல்லிக் கேட்டாலே மூன்று வருடம் வரை ஜெயில். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள். பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: புகார் கொடுத்தவர் யார், விசாரணையில் என்ன நடந்தது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நானும் அதனால்தான் யார் பேரையும் எழுதவில்லை. புகாரை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம், போனில் 'எங்க ஸ்டாஃப் இல்லையே' என்று சொன்னவர்களே இப்போது விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம், உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். எல்லாத் தமிழ்ப் பேப்பரிலும் வருகிற வரி விளம்பரங்களைப் பாருங்கள், உங்களுடையதையும் சேர்த்துத்தான். 'அழகிய தோற்றமுள்ள, திருமணமாகாத பெண்கள் தேவை, வயது 18 முதல் 25, தங்குமிடம் இலவசம்', கீழே ஒரு செல் நம்பர். கம்பெனி பேர் கிடையாது, முகவரி கிடையாது, என்ன வேலை என்று கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் அவள் எந்தக் கமிட்டியின் கதவைத் தட்டுவாள்? பேரும் முகவரியும் இல்லாத, தோற்றத்தைக் கேட்கிற வேலை விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று நீங்கள் முடிவெடுக்கலாமே. வருமானம் கொஞ்சம் குறையும், தெரிந்துதான் கேட்கிறேன். முடியும், முடியாது, எதுவானாலும் இந்தக் கடிதத்துக்குக் கீழேயே பதிலைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈரோடு