அக்கா, அந்தப் பலகையைக் கழற்றிவிட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்த பிறகு, நம் பனியன் கம்பெனியின் மூன்றாவது தையல் லைனின் தலைப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைப் பலகையை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். எந்தப் பலகை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் பழைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. உங்கள் மகள் இங்கே எழுதப்படுவதையெல்லாம் வாசிப்பவள் என்பதால், அவள் வழியாகவாவது இது உங்களிடம் வந்து சேரும் என்று நம்புகிறேன். எங்கள் அலுவலகத்தாரும் இதை வாசிக்கக்கூடும். ஆகவே பெயர்கள் எதையும் எழுதவில்லை. சில செய்திகளை நான் பாதியிலேயே விட்டால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

2022-ஆம் ஆண்டின் கோடையை நினைத்துப் பாருங்கள். நூல் விலை தொடர்ந்து ஏறியது. மே மாதத்தில் திருப்பூரே அதை எதிர்த்துக் கதவடைத்தது. ஆர்டரை உறுதிசெய்த நாளில் பேசிய விலையைப் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர், ஒரு சென்ட் கூட உயர்த்த மாட்டார் என்ற நிலையில், நிர்வாகத்தின் கையில் மிஞ்சியிருந்தவை உங்களுடைய நிமிடங்கள் மட்டும்தான். முப்பது பேர், ஆளுக்கு 480 நிமிடம், ஆக மொத்தம் 14,400 நிமிடம். ஒரு ரவுண்ட் நெக் டீ-சர்ட்டுக்கு எட்டு நிமிடம் என்று கணக்கிட்டால், நூறு சதவீதத்துக்கு 1,800 பீஸ் வர வேண்டும். உங்கள் லைன் அறுபது சதவீதத்தில், 1,080-இல் நின்றது. அதை 1,170 ஆக்கினால் இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை, உண்டு என்று நான் சொன்னேன். இரண்டே வாரத்தில் நீங்கள் அதை எட்டிக் காட்டினீர்கள். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை காலையில் பலகையில் 1,260 என்று எழுதியவனும் நான்தான். மேலிடம் எழுதச் சொன்னது என்பது உண்மை. மறுத்துப் பேச எனக்கு வாய் இருந்தது என்பதும் உண்மை.

அதன் பிறகு எந்த நாளும் உங்கள் லைன் 1,170-ஐத் தாண்டவில்லை. சோம்பல் என்றே நான் அறிக்கை எழுதினேன். பிற்பாடு நிர்வாகம் அனுப்பிய பயிற்சி ஒன்றில், சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற தொழிற்சாலையில் 1931, 32-ஆம் ஆண்டுகளில் பதினான்கு தொழிலாளர்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்த கதையைச் சொன்னார்கள். எவ்வளவு செய்தால் போதும் என்பதை அவர்களே தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்களாம். கூடுதலாகச் செய்து காட்டினால் கூலி ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், அந்த அளவை மீறுகிறவனைக் கூட்டாளிகளே இழுத்துப் பிடித்தார்களாம். அறையிலிருந்த மேனேஜர்கள் சிரித்தார்கள். எனக்கு 1,170 என்ற எண் நினைவுக்கு வந்தது.

ஆனால் அன்று எனக்கு இவ்வளவு தெரியாது. லைனுக்கு என்று கொடுத்த இன்சென்டிவை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிரித்தேன்; பலகையில் முப்பது பெயர்களையும் வரிசைப்படுத்தி, கடைசி ஐந்தைச் சிவப்பு மையில் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. டீயும் பன்னும் வந்துவிட்டன, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து நான்கு வாரமே ஆகியிருந்த அந்தப் பெண்ணின் முன்னால், நெக் ரிப் என்ற கழுத்துப் பட்டை வைக்க வேண்டிய பண்டில்கள், அதாவது துணிக் கட்டுகள், இடுப்பளவு குவிந்து கிடந்தன. முந்தைய மாதமாக இருந்தால் மூன்று பேர் தங்கள் மிஷினை விட்டு எழுந்துபோய் ஆளுக்கு ஒரு பண்டில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். இப்போது எழுந்தால் தன் பெயர் கீழே இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் மட்டும் உங்கள் ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு, அவள் கோணலாக வைத்த ரிப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பாஷை தெரியாத அவளுக்கு, இழுக்காமல் விட வேண்டிய இடத்தை அவளுடைய விரலைப் பிடித்தே காட்டினீர்கள். நான் அதைப் பார்த்தேன், அக்கா. பார்த்துவிட்டுத்தான் பலகைக்குப் போய் உங்கள் பெயரைக் கடைசி வரிசையில் எழுதினேன். இதைவிட நேரடியாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் டீ தம்ளரோடு வந்து நின்று பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "ஏனுங்க சார், பேருல எழுத்துத் தப்பா இருக்குதுங்க" என்றீர்கள். ளகரம் வர வேண்டிய இடத்தில் நான் லகரம் போட்டிருந்தேன். பெருவிரலால் அந்த ஓரெழுத்தை மட்டும் துடைத்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கிச் சரியாக எழுதிவிட்டு, பெயரை அதே கடைசி இடத்தில் விட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பினீர்கள். முந்தைய நாள் வரை நான் உங்களுக்குத் தம்பி. மதியம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் நீங்கள் என்னைக் கடந்ததில்லை. அந்தச் 'சார்' இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள நீங்கள், நேற்று வந்த என்னைத் தனியே அழைத்து, இது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதைச் செய்யாமல், ஷிப்மென்ட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனீர்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். அந்த நஷ்டத்தை முன்னிட்டு என்னை நிற்க வைத்து என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. மீதியிருந்த இருபத்து நான்கு பேரும் இரண்டு வாரம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். அவர்களும் உங்கள் ஆட்கள்தானே? கோபம் என் மேல் என்றால், அதை அவர்கள் ஏன் சுமக்க வேண்டியிருந்தது? மூன்று ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்ட பிறகு எங்களுக்கும் ஆர்டர் குறைந்தது. அதையொட்டி என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார்கள். அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம். பழைய பதிவேட்டைப் புரட்டியபோது அந்த வாரத்தின் பக்கம் வந்தது. கடைசி வரியில் நீங்கள், அதற்கு மேலே அந்த ஒடிசாப் பெண். அவள் இன்று அதே லைனில் மிக வேகமான நெக் ஆபரேட்டர். அந்தப் பதிவேடு ஆளை அளக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது இன்சென்டிவ் மறுபடியும் லைனுக்குத்தான். எடுத்த ஸ்டைல், அதாவது அந்த ஆடை மாதிரி, முடியும்வரை டார்கெட்டை உயர்த்துவதில்லை என்று எழுத்தில் கேட்டேன். மூன்று மாதம் இழுத்தடித்துக் கையெழுத்திட்டார்கள். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஒரு சிறிய கரும்பலகை இருக்கிறது. எந்த மணியில் வேலை நின்றது, எதனால் நின்றது என்பதைத் தையல்காரர்களே அதில் எழுதுகிறார்கள். முதல் வாரத்தில் எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல் கட்டிங்கிலிருந்து பண்டில் வராததும், மெக்கானிக் வராததும். நான்தான் ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் மாதத்தின் நடுவில் போனதால், அந்த மாதத்து இன்சென்டிவ் பதினொரு நாளுக்கு உங்களுக்கு வர வேண்டியிருந்தது. விதிப்படி கிடையாது என்று அப்போது நானே கையெழுத்திட்டிருந்தேன். அந்தத் தொகை இப்போது கணக்குப் பிரிவில் ஒரு கவரில் இருக்கிறது. உங்களால் வர முடியாவிட்டால் மகளை அனுப்புங்கள். கவரின் மேல் பெயரை நானே எழுதியிருக்கிறேன். உங்கள் ஆதார் நகலை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.