நாற்பதுக்கு ஒன்று

வாட்டர்லூ, ஒன்டாரியோ, கனடா
ஏப்ரல் 14

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவள் பரீட்சையெல்லாம் எழுதி முடித்திருப்பாள், விசாரித்ததாகச் சொல். இந்த வருஷமும் பனையேற ஆள் கிடைக்கவில்லை, பதனி காய்ச்ச விடிலி போடவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் அடுப்பு. மார்ச் முதல் வாரத்திலிருந்து போன ஞாயிறு வரை, லீவு கிடைத்த நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மேப்பிள் மரத்து நீரைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உடன்குடியில் உங்கள் விடிலி வாசலில் பதனிக்குச் சிரட்டை நீட்டிக்கொண்டு நின்றவன், 48 வயதில் அதே வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

பின்னால் நிற்பவை சர்க்கரை மேப்பிள் மரங்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் தெரியும். எதில் துளை போடலாம், எது இன்னும் இளசு என்று அவரே வந்து காட்டினார். மரம் ஓரடி விட்டமாவது இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில், சுண்டுவிரலைவிட மெல்லிசாக, இரண்டு அங்குலத்துக்குள் ஒரு துளை. அதில் சின்னக் குழாயைத் தட்டிச் செருகி, மூடி போட்ட வாளியை மாட்டிவிட்டால் முடிந்தது. ஏற வேண்டாம், பாளை சீவ வேண்டாம். உங்க அப்பா காலையும் மாலையும் எத்தனை பனை ஏறி இறங்குவார்! குழாயைத் தட்டும்போது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த மரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரவு உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5 என்றால் வாளி நிரம்பும். உறையும்போது மரம் கீழேயிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது; வெயில் பட்டு உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறித் துளை வழியே சொட்டுகிறது. நாள் முழுக்கக் குளிர் விடாமல் இருந்தால் ஒரு சொட்டு கிடையாது. மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் சுவை கெட்டுவிடும், குழாயைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

நீரைக் குடித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், விழுங்கிய பிறகு நாக்கில் லேசாக ஒரு இனிப்பு. சர்க்கரை 2 சதவீதம்தான். பத்து லிட்டர் பதனி இருந்தால் உங்க அம்மா ஒரு கிலோ கருப்பட்டி எடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் நீர் வேண்டும். மீதி 39 லிட்டரும் ஆவியாகப் போக வேண்டும்.

"விறகு கிடைக்காத ஊரா அது, எதற்குக் காஸ்?" என்று நீ கேட்பாய். விறகு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஊருக்குள் திறந்தவெளியில் தீ மூட்டக் கட்டுப்பாடு உண்டு, புகை பக்கத்து வீடுகளுக்குப் போகும். அதனால் இரண்டு புரொப்பேன் பர்னர் வாங்கினேன். பெரிய பர்னரில், ஓட்டல்களில் சாப்பாட்டைச் சூடாக வைப்பார்களே, அந்த நீள எவர்சில்வர் தட்டு. ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும், அப்போதுதான் ஆவி வேகமாகப் போகும். இன்னொன்றில் ஒரு பானை. குளிர்ந்த நீரை நேராகத் தட்டில் ஊற்றினால் கொதி நின்றுவிடும். பானையில் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காற்றுக்கு மூன்று பக்கம் செங்கல் அடுக்கினேன். குளிருக்குப் பயந்து கார் ஷெட்டுக்குள் அடுப்பை வைக்கத்தான் முதலில் நினைத்தேன். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால், அதற்கு வாசனையும் கிடையாது, ஆளை முடித்துவிடும்.

மணிக்கு ஐந்து லிட்டர் வற்றினால் அதிகம். ஒரு லிட்டர் பாகுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள். இருபது பவுண்டு சிலிண்டர், அதாவது 9 கிலோ, ஒன்றரை லிட்டர் பாகுக்குத்தான் வருகிறது. காஸ் செலவைப் பார்த்தால் கடையில் வாங்குவதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அடுத்த வருஷமும் காய்ச்சுவேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் தீ மெலிந்துகொண்டே போனது. காஸ் தீர்ந்துவிட்டது என்று சிலிண்டரைத் தூக்கினேன், கனமாக இருந்தது. அடிப்பாகம் முழுக்க வெள்ளையாக உறைபனி. திரவம் வாயுவாக மாறும்போது தன் சூட்டையே இழுத்துக்கொள்கிறது. அதோடு வெளிக்குளிரும் சேர்ந்தால் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும். சிலிண்டருக்குச் சூடு காட்டவே கூடாது. இரண்டு சிலிண்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது.

அந்த மூன்றாவது சனிக்கிழமைதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அறுபது லிட்டரை நாள் முழுக்கக் காய்ச்சி, தட்டில் ஒரு விரல் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். போன் வந்தது, உள்ளே போனேன், பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் கரும்புகை. எல்லாம் தீய்ந்து தட்டோடு ஒட்டிவிட்டது. 39 லிட்டர் போகும்வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், கடைசியில் மட்டும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. விடிலியில் பதம் நெருங்கும்போது நாம் கூப்பிட்டால் உங்க அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு, முக்கால் பதத்தில் இறக்கி வீட்டு அடுப்பில் சின்ன தீயில் முடிக்கிறேன். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி கூட வந்தால் பாகு தயார், ஏறக்குறைய 104. குறைந்தால் புளித்துப்போகும், கூடினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏடு மாதிரி தொங்கி விழும். சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டினால் அடியில் மணல் போல ஒரு வண்டல் நிற்கும். மரத்திலிருந்து வந்த தாது உப்புதான் அது.

முதல் தடவை முடிக்கும்போது நுரை விறுவிறுவென்று பாத்திர விளிம்புக்கு ஏறிவிட்டது. பெரியவர் மிளகளவு வெண்ணெயைக் கிள்ளிப் போட்டார், அப்படியே அடங்கியது. மாப்ளே, பதனி பொங்கும்போது உங்க அம்மா ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்களே! பெரியவரிடம் சொன்னேன். எத்தனை விதை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இந்த மண்ணின் பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே மேப்பிள் நீர் காய்ச்சுகிறார்கள். அவர்கள் பாகோடு நிறுத்தவில்லை. இன்னும் வற்றவைத்து, கிண்டி, சர்க்கரையாக்கி பிர்ச் மரப்பட்டைப் பெட்டிகளில் வருஷம் முழுக்க வைத்திருந்தார்கள். ஓலைப்பெட்டியில் உங்கள் பரணில் இருந்த கருப்பட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆறு துளையில் ஏறக்குறைய 240 லிட்டர் கிடைத்தது. தீய்ந்தது போக நாலரை லிட்டர் பாகு. மார்ச்சில் காய்ச்சியது தேன் நிறம். ஏப்ரலில் காய்ச்சியது கறுப்பு, வாசனையும் அதிகம். பிள்ளைகளுக்கு முதல் பாட்டில்தான் பிடிக்கிறது, எனக்குக் கறுப்பு.

ஜூன் இரண்டாவது வாரம் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. அந்தக் கறுப்புப் பாட்டில் அம்மாவுக்கு. அப்போது பதனி இருக்கும் அல்லவா? நம் பக்கத்தில் யார் ஏறுகிறார்களோ அவர்களிடம் சொல்லி இரண்டு குடம் வாங்கி வை. உங்கள் முற்றத்திலேயே அடுப்பு மூட்டுவோம், அம்மா கட்டிலில் உட்கார்ந்து பதம் சொன்னால் போதும், கிண்டுவதெல்லாம் நான். பெரியவருக்குச் சிரட்டை அச்சு தெரிகிற மாதிரி ஒரு கருப்பட்டி வட்டு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆமணக்குக் கணக்கை மட்டும் இப்போதே அம்மாவிடம் கேட்டு எழுது.

உன்
மாப்ள