ஒன்பது மணிக்கு எடு

மச்சான் ரவி,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அதற்கான ஏச்சைப் போனில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், மாரி தொடங்கி ஒரு கிழமை, கடைக்கு முன்னால் வழக்கம்போலக் குளம். இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. பயப்படாதே, இப்போது நல்ல சுகம், நேற்றும் என்னை ஏசினார், அந்த அளவுக்குச் சுகம். நடந்தது இதுதான். ஆனியில் இன்சுலின் தொடங்கியபோது, ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டுவிடவேண்டும் என்று நான்தான் என் மருந்துக்கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா அதைத் தன் பாட்டுக்கு ஒழுங்குபடுத்திக்கொண்டார்: 7 மணிக்கு ஊசி, ஏழரைக்கு உன் போன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே புட்டு. மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோப்பையை முன்னால் இழுப்பாராம். நீ ரொறன்ரோவில் இரவு 10 மணிக்கு எடுப்பாய், இங்கே சரியாக ஏழரை. மணிக்கூடு பார்க்கத் தேவையே இல்லை, நீதான் மணிக்கூடு.

சனி இரவும் எடுத்தாய், சரியாகத்தான் வந்தது. மார்ச்சில் முன்னுக்குத் தள்ளி வைத்த கோடை நேரம் முடிந்தது என்று, விடியக்காலை 2 மணிக்கு உங்கள் ஊர் மணிக்கூட்டை 1 மணிக்குத் தள்ளிவிட்டது. ஞாயிறு இரவு நீ அதே 10 மணிக்கு எடுத்தாய், இங்கே எட்டரை. அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? ஊசி போட்டாயிற்று, புட்டு ஒரு பீங்கானால் மூடி இருக்கிறது, மகன் இன்னும் எடுக்கவில்லை, ஏதும் நடந்துவிட்டதோ என்ற யோசனை வேறு. எட்டே காலுக்குத் திருவலை இரவல் கேட்டு வந்த அடுத்த வீட்டு மருமகள்தான் பார்த்திருக்கிறாள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கேட்டதற்கு ஒரு பதிலும் ஒழுங்காக இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, பிளேன்ரீயில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கையோடு குடிக்கவைத்துவிட்டு எனக்குப் போன் அடித்தாள். நான் சீனி பார்க்கிற மிசினோடு ஓடிப்போய்க் குத்திப் பார்க்கிறபோது 52. தேத்தண்ணி குடித்த பிறகு 52 என்றால் முன்னம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எட்டரைக்கு நீ எடுத்தபோது "தலை கொஞ்சம் இடிக்குது" என்று சொல்லிச் சமாளித்தாரே, நான் அந்த அறைக்குள்தான் நின்றேன்.

போன வருடம் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அப்போது வெறும் குளிசைதான். அதனால் உன்னில் பிழை இல்லை. என்னில் கொஞ்சம் இருக்கிறது.

அன்றிலிருந்து இந்த மணிக்கூட்டு விளையாட்டைப் பற்றி இரவிரவாக வாசிக்கிறேன். மனுசி ஏசுகிறாள். நவம்பர் மாற்றம் உங்களுக்குப் பெரிய கேடில்லை, ஒரு மணித்தியாலம் கூடப் படுக்கலாம், மோசமானது மார்ச் மாதத்துத் திருட்டுத்தான். சுவீடனில் பல வருடக் கணக்கை எடுத்து 2008 இல் வெளியிட்டார்கள்: மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிய முதல் கிழமையில் மாரடைப்பு ஏறத்தாழ 5 வீதம் கூடுகிறது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்தவர்கள், அந்தத் திங்கட்கிழமையில் சராசரி 40 நிமிட நித்திரை குறைந்து காயங்கள் கூடுகின்றன என்கிறார்கள். நாற்பது நிமிடம் என்ன பெரிது என்பாய். உடம்புக்குள் இருக்கிற மணிக்கூட்டைக் காலை வெளிச்சம்தான் திருத்துகிறது, சுவரில் முள்ளைத் திருப்பினால் அதற்கு விளங்காது, பிடித்துச் சேர நாள் எடுக்கும். நீயோ 4 மணிக்கு எழும்பி இருட்டில் கார் ஓடுகிறவன். போன மார்ச்சில் தரிப்பிடத் தூணில் இடித்தாயே, அது எந்தக் கிழமை என்று யோசித்துப் பார். பிறசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறாயா? பகிடிக்குக் கேட்கவில்லை.

கூத்து என்னவென்றால், உங்கள் ஒன்ராறியோ மாகாணம் 2020 இல் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது, கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்தால்தான் நடைமுறை. நித்திரை வைத்தியர்கள் கேட்பது இதற்கு நேர் எதிர், குளிர்கால நேரமே வருடம் முழுக்க இருக்கட்டும் என்கிறார்கள். உங்களுக்குக் கோடையில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல், மார்கழியில் 9, ஏதோ செய்துதான் பார்க்கவேண்டும். எங்கள் திருகோணமலையில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் பகலின் கூடுதல் குறைவு ஒரு மணித்தியாலத்துக்குள். அப்படியிருந்தும் எங்களையும் விட்டார்களா? 1996 ஞாபகம் இருக்கிறதா? மழை இல்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, கரண்ட் மிச்சம் பிடிக்க வைகாசியில் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஐப்பசியில் அரை மணித்தியாலம் பின்னுக்கு, 2006 சித்திரையில்தான் பழையபடி. இருட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் முதல் பாடத்திலேயே மேசையில் கவிழ்ந்து கிடந்ததை என் தங்கச்சி இப்போதும் சொல்லுவாள்.

அங்கால் சம்பூர்ப் பக்கம் புலிகள் இயக்கம் பழைய நேரத்தையே வைத்திருந்தது. லோஞ்சால் இறங்கி அந்தப் பக்கம் போனால் அரை மணித்தியாலம் லாபம், திரும்பி வந்தால் நட்டம். சீலனின் கலியாணத்துக்கு நீ அங்கிருந்து பழைய நேரத்தில் வந்து, தாலி கட்டி முடிந்து பந்தியில் பாயாசம் போகிறபோது மாலையோடு உள்ளே நுழைந்தாயே. கட்டையன் இப்போதும் உன்னைப் பற்றி யாரும் கேட்டால் "பழைய நேரமோ புது நேரமோ?" என்றுதான் தொடங்குவான்.

சரி, செய்யவேண்டியது இதுதான். இனி மார்ச் வரைக்கும் இரவு 9 மணிக்கு எடு, இங்கே ஏழரை. உனக்கும் ஒரு மணித்தியாலம் முந்திப் படுக்கலாம். மார்ச்சில் மாற்றுகிறபோது பத்துக்குப் போ, போகிற கிழமை எனக்கு முன்னமே சொல், ஊசிக் கொப்பியில் எழுதிவிடுகிறேன். போன் வந்தாலும் வராவிட்டாலும் ஏழரைக்குச் சாப்பிடவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், தலையாட்டினார், எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை ஏழேமுக்காலுக்கு ஒருக்கால் எட்டிப் பார்ப்பாள். மேசையில் ஒரு போத்தல் குளுக்கோஸ் மாவும் வைத்திருக்கிறேன், காசு வேண்டாம், கேட்காதே.

நான் எழுதினேன் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொள்ளாதே. சும்மா, வேலை நேரம் மாறிவிட்டது, இனி 9 மணிக்குத்தான் வசதி என்று சொல்லு. கருவாடு கேட்டாய், இந்த மழையில் காய்ந்தபாடில்லை, தைக்குப் பிறகு பார்ப்போம்.

குணா