கவிழ்த்து வைக்க வேண்டிய அந்த ஒரு சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் சிறுவர் பக்கத்தில் 'லவ் லெட்டர்' சீட்டு விளையாட்டின் விதிகளைப் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கூடவே பள்ளி விடுமுறை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக வீட்டிலிருக்கும் நேரத்தில் இதை வெளியிட்டது நல்ல காரியம். ஆனால் முக்கியமான இரண்டு விதிகள் விடுபட்டுவிட்டன.

ஜப்பானியரான செய்ஜி கனாய் உருவாக்கி 2012இல் வெளிவந்த ஆட்டம் இது. மொத்தமே 16 சீட்டு. எண் 1 காவலர் ஐந்து. 2 குரு, 3 பிரபு, 4 தோழி, 5 இளவரசன் தலா இரண்டு. 6 அரசர், 7 சீமாட்டி, 8 இளவரசி ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு சீட்டு கையில் இருக்கும். முறை வரும்போது சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டில் ஒன்றை மலர்த்தி இறக்க வேண்டும். (2019இல் வந்த 21 சீட்டுப் பதிப்பில் எண்கள் மாறும், இரண்டையும் கலக்கக் கூடாது.)

விடுபட்ட முதல் விதி: கட்டைக் கலைத்ததும் மேல் சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். இருவர் மட்டும் ஆடினால், கூடவே மூன்று சீட்டை மலர்த்தி ஒதுக்க வேண்டும். கட்டு தீர்ந்து, இருவர் மிச்சம் என்று வையுங்கள். உங்கள் கையில் காவலர், அதாவது எதிராளியின் சீட்டைச் சரியாகச் சொன்னால் அவரை வெளியேற்றும் சீட்டு. வெளியே வராதவை இளவரசியும் பிரபுவும். ஒன்று எதிராளி கையில், இன்னொன்று கவிழ்ந்த சீட்டு. எது எங்கே என்று அவர் இதுவரை ஆடிய விதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கவிழ்ந்த சீட்டே இல்லையென்றால் எண்ணத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார், ஆட்டத்தின் உயிரே போய்விடும். கட்டு தீர்ந்தபின் இளவரசன் சீட்டால் கையிலிருப்பதை இழந்தவர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இந்தச் சீட்டைத்தான்.

இரண்டாவது, சீமாட்டி. அரசரோ இளவரசனோ கூட இருந்தால் அவளை இறக்கியே தீர வேண்டும் என்று போட்டிருந்தீர்கள், சரிதான். எதுவும் இல்லாதபோதும் இறக்கலாம் என்பதைச் சேர்க்கவில்லை. கையில் வெறும் காவலரை வைத்துக்கொண்டு சீமாட்டியை இறக்கினால், அரசர் இருக்கிறார் என்று மற்றவர்கள் ஏமாறுவார்கள். இந்த ஆட்டத்தின் அழகான பொய் இதுதான். முகத்தால் ஏமாற்றலாம், பதிலில் ஏமாற்றக் கூடாது: காவலரை இறக்கியவர் சீட்டைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஒத்துக்கொண்டு வெளியேற வேண்டும். (காவலரை வைத்துக் 'காவலர்' என்று சொல்ல முடியாது.)

சார்ட் அட்டையில் வீட்டிலேயே செய்யலாம், 6க்கு 9 செ.மீ. போதும். மார்க்கரால் வரைந்தால் மை பின்பக்கம் தெரியும். பென்சிலோ பால்பாயிண்டோ நல்லது. உப்புக்காற்றில் அட்டை சுருளும், மணல் கீறும். 52 சீட்டுக் கட்டில் ஒரு மூலை மடங்கினால் பரவாயில்லை. இங்கே இளவரசியின் முதுகில் ஒரு கீறல் விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பதினாறையும் புதிதாக வெட்ட வேண்டும். கச்சான் காற்று அடிக்கும்போது திண்ணையில் ஆடாதீர்கள்.

அரண்மனைக் கதை ஒட்டவில்லையென்றால் படங்களை மாற்றலாம், எண்ணையும் வேலையையும் தொடக் கூடாது. ஆவுளியா (கடல் பசு) இளவரசி, சுறா அரசர், சிங்கி இறால் காவலர்கள். தோழிக்குச் சங்குக்குள் ஒளியும் நண்டு மிகப் பொருத்தம்: அவளை இறக்கியவரை அவருடைய அடுத்த முறை வரை யாரும் தொட முடியாது, சின்னப் பிள்ளைகளுக்கும் விதி மறக்காது. வெற்றிக்குச் சோழி வைக்கலாம்: இருவர் ஆடினால் 7, மூவர் 5, நால்வர் 4 சோழி சேர்த்தவர் வென்றவர்.

திருத்தம் வெளியிடும்போது கவிழ்த்து வைக்கும் சீட்டை முதல் வரியிலேயே போடுங்கள். பிள்ளைகள் முதல் இரண்டு வரியைப் படித்ததுமே சீட்டைப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்