கமராவைப் பார்க்காதே

திராய்மடு,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாததற்கு என்னிடம் சாட்டு எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தால் என் மனைவியைப் பற்றி எழுதவேண்டிவரும் என்று தள்ளிப்போட்டேன். போன கிழமை அவளுடைய ஆண்டுத் திவசம் முடிந்தது. உன்னிடம் கேட்கவேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மகள் சுகம். பேரனுக்கு நான்கு வயது. என் லென்ஸ் மூடிகளையெல்லாம் அவன்தான் வைத்திருக்கிறான். நம் ஊர் வழமை உனக்கு மறந்திருக்காது: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். முப்பத்தாறு வருடம் மனைவி வீட்டில் இருந்தேன், இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். என் பெட்டியைக்கூட நகர்த்தவில்லை, வீட்டுக்காரி மாத்திரம் மாறிவிட்டாள்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக எட்டு மாதம் அலைந்ததை முன்பே எழுதியிருந்தேன். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

31ஆம் நாளுக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று மகள் கேட்டாள். இதென்ன பெரிய வேலை என்று ஹார்ட் டிஸ்க்குகளைத் திறந்துகொடுத்தேன். அவள் மீன் செதிள் உரிக்கிறாள், வாவிக்கரையில் வலை காய்வதைப் பார்த்தபடி நிற்கிறாள், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கன்று கூட்டத்துக்குள் பாதி முகம் தெரிய நிற்கிறாள். வெளிச்சம் ஒவ்வொன்றிலும் அபாரம். மகள் இரவு ஒரு மணிவரை பார்த்துவிட்டு, “அப்பா, ஒன்றிலாவது அம்மா நம்மைப் பார்க்கிறாரா?” என்றாள்.

இல்லை, மச்சான். ஒன்றில்கூட இல்லை. “கமராவைப் பார்க்காதே, நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்” என்பதுதானே என் வேதம். ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் அதையே சொன்னேன், அவளிடமும் சொன்னேன். “நீங்கள் இல்லை என்று நினைக்க நான் தனியாகப் பழகவேண்டுமா?” என்று ஒருமுறை திருப்பிக் கேட்டாள். அன்று சிரித்தேன்.

கடைசியில் மகள் எடுத்தது அடையாள அட்டையிலிருந்த படத்தை. ஏதோ ஒரு ஸ்டூடியோவில், காதைக் காட்டி, தலையை நிமிர்த்தி எடுத்த படம். அட்டையைப் பிரதி எடுப்பது எனக்குப் பழகிய வேலை. நேர் வெளிச்சத்தில் வைத்தால் பிளாஸ்டிக் உறை பளபளத்து முகத்தை மறைத்துவிடும். திண்ணையில் பக்கவாட்டாக விழும் பின்னேர வெளிச்சம் போதும். திரையில் பெரிதாக்கியபோது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தூசு என்று அழிக்கப் போனேன். பிறகுதான் புரிந்தது, அது ஸ்டூடியோ விளக்கு. விட்டுவிட்டேன்.

பழகிய வேலை என்றேன் அல்லவா? செங்கலடிப் பக்கத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்துவருகிறேன். சம்பளம் கிடையாது, மத்தியானம் சோறும் மீன் ஆணமும் உண்டு. படம் எடுக்கப் போனால் அதோடு முடியாது. விண்ணப்பம் நிரப்பவேண்டும், கடன் வசூலிக்க வருகிறவனிடம் தவணை கேட்டுப் பேசவேண்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தபோது இந்தப் படங்களுக்கு இனி வேலை வரும் என்று நம்பினோம். தாய்மார் இப்போதும் அவற்றைக் காந்தி பூங்காப் போராட்டத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், முன்பைவிடக் குறைவான பேர். மற்றவர்கள் செத்துப்போனார்கள்.

அவர்களில் எண்பது தாண்டிய ஓர் அம்மா. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதிமுகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரில் அவருடைய மகனும் ஒருவன். கையில் வைத்திருப்பது தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய படம், அலுவலக முத்திரையின் வளைவு கன்னத்தில் ஏறியிருக்கிறது. அவருடைய பெட்டிக்குள் வேறொரு படத்தைக் கண்டேன், பையன் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போகிறான். இதைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். “அதில் அவன் றோட்டைப் பார்க்கிறான், தம்பி. இதில்தான் என்னைப் பார்க்கிறான்” என்றார். படத்தைப் பற்றி இந்த மனுசிக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, கேட்டதைச் செய்துகொடுத்தேன். இது நடந்து ஏழெட்டு வருடமிருக்கும். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. எங்கள் கலியாண அல்பம் நாவலடி வீட்டில் இருந்தது உனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது நாங்கள் மாமாங்கத்தில் உறவினர் வீட்டில் நின்றதால் உயிர் தப்பினோம். நான்காம் நாள் சேற்றுக்குள் அல்பம் அகப்பட்டது. நனைந்த படங்களை நல்ல தண்ணீரில் போட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும், ஒட்டியபடி காயவிட்டால் மேற்பூச்சுப் பசையாகி இறுகிவிடும். இருட்டறையில் ஹைப்போ மணத்தோடு வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. அல்பத்தை மதிலில் வெயிலுக்கு வைத்துவிட்டு ஆட்களைத் தேடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது ஒரு செங்கல்.

ஆனால் 1988இல் மணவறைக்குப் பக்கத்தில் நின்று நீயும் ஒரு ரோல் எடுத்தாய். “இங்கே பாருங்கள், மச்சாள்” என்று நீ கத்தியதும் அவள் நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள், எனக்கு நல்ல நினைவு. அந்த நெகட்டிவ் உன் பெட்டிகளுக்குள் எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பார். கிடைத்தால் தபாலில் போடாதே, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. அந்தக் காலத்தில் நீ எடுத்த படத்தில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தலை இருக்காது. அது நானாக இருந்தால் பரவாயில்லை.

உன் கூட்டாளி